மீன் தொட்டிக்கு ஹீட்டர் தேவையா?

மலையடிவாரம் என்பதால் மார்கழி ராத்திரியில் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் கொஞ்சம் குளிரும், அவ்வளவுதான். அதற்காகத் தங்கமீனுக்கு ஹீட்டர் போடுவது, என்னைக் கேட்டால், வெட்டிச் செலவு. அது குளிர்ந்த தண்ணீர் மீன். 28 டிகிரி கேட்கிற டிஸ்கஸ் வளர்ப்பவர்கள் போடட்டும், லிட்டருக்கு 1 வாட் கணக்கில்.

இது தெரியாமல் நானும் ஒன்று வாங்கினேன். ஒருநாள் தண்ணீர் மாற்றும்போது ப்ளக்கைப் பிடுங்க மறந்துவிட்டேன். தண்ணீர் இறங்கியதும் வெளியே நின்று கொதித்த கண்ணாடிக் குழாய், புதுத் தண்ணீர் பட்டவுடன் பட்டென்று விரிசல் விட்டது. கையை விடப் போனவன், அம்மா போட்ட சத்தத்தில் தப்பித்தேன். ப்ளக்கைப் பிடுங்கி 15 நிமிடம் ஆறவிட்டுத்தான் தண்ணீரையே இறக்க வேண்டுமாம்.

உங்கள் வீட்டு மெயினில் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி இருக்கிறதா மக்களே? இருந்தால் அதன் டெஸ்ட் பட்டனை இன்றைக்கே ஒரு தடவை அமுக்கிப் பாருங்கள்.