சக்கரம் அசையவில்லை!

திருப்பூரில் ஒரு பனியன் பிறப்பதற்குள் துணியானது எத்தனையோ வாசல் ஏறி இறங்கவேண்டியிருக்கிறது. பின்னுவது ஓரிடம், சாயம் ஏற்றுவது வேறோரிடம், வெட்டுவதும் தைப்பதும் இன்னும் வேறிடம். இத்தனை வாசல்களுக்கும் துணி உருளைகளைச் சுமந்து திரிகின்றவை, நம் ஜனங்கள் 'குட்டி யானை' என்று செல்லப் பெயர் சூட்டியிருக்கும் சிறு வண்டிகளே. இவற்றில் ஒன்று வழியில் நின்றுவிட்டால், எங்கோ ஒரு கம்பெனியில் தையல் மிஷின்கள் சும்மா இருக்கும். பீஸ் ரேட்டுக்குத் தைப்பவர்களுக்குத் துணி வராத நேரம் கூலி வராத நேரமல்லவா?

சில தினங்களுக்கு முன் காதர்பேட்டைச் சந்து ஒன்றில் அப்படியொரு வண்டி நின்றுவிட்டிருக்கக் கண்டோம். வாலிபரான டிரைவர் ஸ்டீரிங் சக்கரத்தை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்க இழுத்துக் கொண்டிருந்தார். சுற்றிலும் வழக்கம்போல் ஒரு நிபுணர் கூட்டம். ஒருவர் பாட்டரி போய்விட்டது என்றார்; இன்னொருவர் சுத்தியல் ஒன்று இருந்தால் காரியம் முடிந்துவிடும் என்றார். நம் நாட்டில் சுத்தியல் வைத்தியத்துக்கு என்றுமே பஞ்சமில்லை.

"ஏனுங்க சார், காலையிலே நல்லாத்தானுங்க ஓடுச்சு. இப்போ ஸ்டீரிங்கும் அசைய மாட்டேங்குது, சாவியும் திரும்ப மாட்டேங்குதுங்க!" என்று நம்மிடம் முறையிட்டார் அவர்.

"தம்பி, வண்டிக்கு ஒன்றும் நேர்ந்துவிடவில்லை. பூட்டுத்தான் விழுந்திருக்கிறது. முதலில் இழுப்பதை நிறுத்துங்கள்" என்றோம்.

வாசகர்களில் வண்டி வைத்திருப்போர் பலருக்கும் இந்த அனுபவம் ஏற்பட்டிருக்கும். சாவியை வெளியே உருவிய பிறகு சக்கரம் சற்றே திரும்பினால், ஸ்டீரிங் தண்டில் உள்ள பள்ளம் ஒன்றில் இரும்பு முளை ஒன்று வில்லின் வேகத்தால் வந்து விழுகிறது. அப்புறம் சக்கரம் இந்தப் பக்கமும் திரும்பாது, அந்தப் பக்கமும் திரும்பாது. திருடன் வந்தால் வண்டியை ஓட்டிச் செல்லக்கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு இது. சொந்தக்காரருக்குச் சங்கடம் எப்போது வருகிறதென்றால், முன் டயர் சாக்கடை ஓரத்துக் கல்லிலோ நடைபாதையிலோ அழுந்தி நிற்கும்போதுதான். டயரின் முறுக்கு முழுவதும் தண்டின் வழியாக அந்தச் சிறு முளையின்மேல் போய் அழுத்துகிறது. அழுத்தத்தில் சிக்கிய முளையைச் சாவியால் பின்வாங்கச் செய்ய முடிவதில்லை.

மழைக்காலத்தில் நம் வீட்டுக் கதவுகள் உப்பிக்கொள்வதை நினைத்துப் பாருங்கள். தாழ்ப்பாளை மட்டும் பிடித்து இழுத்தால் அது வராது. அனுபவமுள்ள பாட்டிமார்கள் கதவை ஒரு கையால் சற்று அழுத்திக்கொண்டு, மறு கையால் தாழ்ப்பாளை நீக்குவார்கள். அது வெண்ணெயில் கத்தி போல் நழுவி வரும். ஸ்டீரிங் பூட்டுக்கும் அதே வித்தைதான். சாவியைத் துவாரத்தில் முழுவதும் செலுத்துங்கள். சக்கரத்தை இடமும் வலமும் மெதுவாக அசைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் பாறையாக நிற்கும். மறு பக்கம் நூலிழையளவு இடம் கொடுக்கும். இடம் கொடுக்கும் பக்கமாகச் சக்கரத்தைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, அதே சமயத்தில் சாவியைத் திருப்ப வேண்டும். இரண்டு கைகளும் ஒரே நேரத்தில் வேலை செய்வதுதான் முக்கியம். சக்கரத்துக்குப் பலம் காட்டலாம், சாவிக்குக் காட்டக்கூடாது. சாவி துவாரத்துக்குள்ளேயே ஒடிந்தால் ஒரு நிமிஷத்து வேலை ஒரு நாள் வேலையாகிவிடும். காதர்பேட்டை வாலிபர் மூன்றாவது முயற்சியில் வெற்றி பெற்றார். நிபுணர்கள் ஏமாற்றத்துடன் கலைந்தனர்.

சக்கரம் கனமாக இருப்பது வேறு, பூட்டிக்கொண்டிருப்பது வேறு. பவர் ஸ்டீரிங் உள்ள வண்டியில் என்ஜின் ஓடாதபோது சக்கரம் கனக்கத்தான் செய்யும். ஆனால் சிரமப்பட்டால் திரும்பும். பூட்டு விழுந்தது திரும்பவே திரும்பாது. சக்கரம் இடம் கொடுத்தும் சாவி மட்டும் திரும்பவில்லையென்றால், சாவி தேய்ந்திருக்கலாம். வீட்டில் தூங்கும் மாற்றுச் சாவியை வரவழைத்துப் பாருங்கள். துவாரத்தில் தேங்காயெண்ணெய் விடுவது வேண்டாம். அது தூசியைச் சேர்த்துக் களிம்பாக்கும். பென்சில் கரியைப் பொடித்து, சாவியில் தடவிச் செலுத்துவது நல்லது. (உபாத்தியாயர் வீட்டில் வேறு எது இருக்கும் என்று கேட்காதீர்கள், பூட்டுச் செய்கிறவர்களிலும் சிலர் கரித்தூளை விரும்புகிறார்கள்.) சாவிக்குப் பதில் பொத்தானை அமுக்கிக் கிளப்பும் வண்டிகள் சிலவற்றில் பூட்டை விடுவிப்பது மின்சாரம். அங்கே பாட்டரி செத்திருந்தால் பூட்டு திறக்காமற் போகலாம். ஆகவே சந்தில் நின்ற முதல் நிபுணர் முழுவதும் தவறாகச் சொன்னவர் அல்லர், வண்டிதான் வேறு.

இவ்வளவு உபத்திரவம் தரும் பூட்டு அவசியந்தானா என்று சிலர் கேட்பதுண்டு. மேற்கு ஜெர்மனியில் 1960-களின் தொடக்கத்தில், புதிய கார் பழைய கார் என்ற பேதமின்றி எல்லாவற்றுக்கும் இந்தப் பூட்டு வேண்டுமென்று சட்டம் செய்தார்கள். கார்த் திருட்டு நன்றாகக் குறைந்தது. பிரிட்டனிலோ 1971 முதல் புதிய கார்களுக்கு மட்டுமே கட்டாயமாக்கினார்கள். திருடர்கள் புதிய கார்களை விட்டுவிட்டுப் பழைய கார்களின் பக்கம் திரும்பினார்கள்! பூட்டில்லாத வீடு தெருவில் ஒன்று மிஞ்சியிருந்தால் கள்வனுக்கு அது போதும் போலும்.

நிற்க. நின்ற வண்டியில் பூட்டு விழுந்தால் போவது அரை மணி நேரம். ஓடுகிற வண்டியில் விழுந்தால்? டீஸல் மிச்சம் பிடிக்கவேண்டி, இறக்கத்தில் என்ஜினை நிறுத்திவிட்டு வண்டியை உருள விடும் பழக்கம் சிலரிடம் உண்டு. நம் ஊரிலிருந்து பொள்ளாச்சி வழியாக வால்பாறைக்குப் போனால், ஆழியாறுக்கு மேல் 40 கொண்டையூசி வளைவுகள். அங்கிருந்து இறங்கும்போது இந்தச் சிக்கனத்தைக் கைக்கொள்பவர் என்ன செய்கிறார் தெரியுமா? என்ஜின் நின்றதும் பிரேக்குக்கு உதவும் சக்தி, இரண்டொரு முறை மிதிப்பதற்குள் தீர்ந்துபோகிறது. பவர் ஸ்டீரிங்கும் கைவிடுகிறது. பழக்க தோஷத்தால் சாவியையும் உருவிவிட்டால், அடுத்த வளைவில் சக்கரம் திரும்பும்போது முளை விழுந்துவிடும். சாலை வளையும், வண்டி வளையாது. மிச்சமாகும் டீஸலின் விலையோ ஒரு டீயின் விலையைத் தாண்டுமா என்பது சந்தேகம்.

பழுதான வண்டியைக் கயிறு கட்டி இழுத்துச் செல்லும்போதும் இந்த அபாயம் உண்டு. பின்வண்டியில் உட்காருபவர் "என்ஜின்தான் ஓடவில்லையே" என்று சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளலாகாது. சாவி துவாரத்திலேயே இருக்கவேண்டும். ஒரு படி திருப்பியும் இருக்கவேண்டும். கயிறு இறுகுவதற்கு முன், சக்கரத்தை இரு பக்கமும் ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டு முன்வண்டிக்காரருக்குக் கை காட்டுங்கள்.