கும்மிடிப்பூண்டிக்கு எத்தனை எழுத்து?

கும்மிடிப்பூண்டி என்னும் பெயரில் 8 எழுத்தென்று தொடக்கப்பள்ளி மாணவனும் சொல்வான். சாவா நிரல்மொழியோ 16 என்கிறது! 'கு' என்பதைக் ககரம், உகரக்குறி என இரண்டாகப் பிரித்தெண்ணுவதே கரணியம். எழுத்தா, அன்றா என ஒவ்வொன்றாய் வினவினால், ககரத்தை ஏற்கும். உகரக்குறியையும் மெய்ப்புள்ளியையும் எழுத்தல்லவென்று தள்ளும். தொழிற்பேட்டைப் பணியாளர் பெயர்ப்பதிவுக்கு நிரலெழுதப் பழகும் இளைஞன் பிழை தமிழினதென்று மயங்கி, பெயர்களை ஆங்கில எழுத்துக்கு மாற்றிவிடுகிறான். என்னே இரங்கத்தக்க நிலை!

பிழை தமிழினதன்று. நடுவணரசின் 1988ஆம் ஆண்டுக் குறியேற்றத்தை அடியொற்றிய ஒருங்குகுறியே உயிர்மெய்யைக் கூறுபோட்டது. ஒவ்வோர் எழுத்துக்கும் தனியிடம் தரும் அனைத்தெழுத்துக் குறியேற்றத்தைத் தமிழக அரசு 2010இல் ஏற்றது. சாவா அதனை எழுத்தாகவே கொள்வதில்லை. ஆகவே, மெய்யையும் அதனைத் தொடரும் குறியையும் ஒன்றாகச் சேர்த்தெண்ணுமாறு இளைஞர் நிரலைத் திருத்துக. அப்போது சாவாவும் 8 என்றே சொல்லும்.