முடிவெடுக்கத் தெரியாதது யாருக்கு?

நம்ம பிள்ளைகளுக்கு முடிவெடுக்கத் தெரியவில்லையாம். வேலைக்குத் தயார்ப்படுத்த வேண்டுமென்றால் பள்ளிக்கூடத்திலேயே முடிவெடுக்கும் திறனைப் புகட்ட வேண்டுமாம். உலக சுகாதார நிறுவனம் 1990களில் வாழ்க்கைத் திறன்கள் என்று பத்தைப் பட்டியல் போட்டது. அதில் ஒன்று இது. இன்றைக்குத் தொண்டு நிறுவனத்தாரும் தனியார் பயிற்சியாளர்களும் அதைத் தூக்கிக்கொண்டு அரசுப் பள்ளி வாசலுக்கு வருகிறார்கள். 2022 மார்ச்சில் ‘நான் முதல்வன்’ திட்டம் தொடங்கிய பிறகு வழிகாட்டல் என்ற சொல் எல்லாப் பள்ளியிலும் புழங்குகிறது. வழிகாட்டலே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. எந்தப் படிப்பு எங்கே இருக்கிறது என்று சொல்ல வீட்டில் ஆளில்லாத பிள்ளைக்கு அது வேண்டும். ஆனால் நோய் பிள்ளையின் மண்டைக்குள்தான் இருக்கிறது என்று இவர்கள் கட்டுகிற கதையை ஏற்க முடியாது.

விழுப்புரம் பக்கம் ஒரு பள்ளியில் இப்படி ஒரு வகுப்பைப் பார்த்தேன். தாளில் நாலு கட்டம். பலம், பலவீனம், வாய்ப்பு, அச்சுறுத்தல். பலவீனம் கட்டத்தில் பிள்ளைகள் நுணுக்கி நுணுக்கி எழுதினார்கள். இங்கிலீஷ் வராது, பயம், கூச்சம். அச்சுறுத்தல் கட்டம் காலியாகக் கிடந்தது. பயிற்சியாளர் அதை ஏனென்று கேட்கவேயில்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவன் சக மாணவர்களின் தொல்லையைப் பற்றிப் பள்ளியில் முறையிட்டான். சரியான முடிவு. எந்தப் பயிற்சியாளரும் அதைத்தான் எடுக்கச் சொல்வார். அன்றைக்கு இரவே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்கப்போன தங்கைக்கும் வெட்டு. இதை அந்தக் கட்டத்தில் எப்படி எழுதுவது?

பத்தாவது முடிந்து பிளஸ் ஒன் சேர்க்கைக்கு வரிசையில் நிற்கும்போது பாருங்கள், முடிவு எங்கே எடுக்கப்படுகிறதென்று தெரியும். மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் மார்க்கைப் பார்க்கிறார், சாதிச் சான்றிதழைப் பார்க்கிறார், கூட வந்திருக்கிற அம்மாவின் காலைப் பார்க்கிறார். “உனக்குக் கணக்கெல்லாம் வராதும்மா, மூணாவது குரூப்பு எடுத்துக்க.” “பயாலஜின்னா டியூஷன் செலவு ஆவும், உங்கப்பனால முடியுமா?” அவ்வளவுதான், ரெண்டு நிமிசம். மருத்துவத்துக்கு உயிரியல் வேண்டும், பொறியியலுக்குக் கணக்கு வேண்டும். ரெண்டு கதவும் பதினைந்து வயதில் சாத்தப்படுகின்றன. விண்ணப்பத்தில் மட்டும் ‘மாணவர் விரும்பும் பிரிவு’ என்று ஒரு கட்டம். அதன்கீழ் அந்த அம்மாவின் கைநாட்டு.

1953இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டம் ஒளிவுமறைவில்லாதது. அரை நாள் பள்ளிக்கூடம், மிச்ச நேரம் அப்பன் தொழில். குலக்கல்வி என்று பெயர் சூட்டி எதிர்த்தார்கள், 1954இல் காமராசர் ஆட்சி அதைக் கைவிட்டது. எதிரி கண்ணுக்குத் தெரிந்ததால் எதிர்க்க முடிந்தது. இன்றைக்கு ‘நீயே தேர்ந்தெடுத்தாய்’ என்கிறார்கள். தோற்றால் பழியும் பிள்ளையின் தலையில்தான். முடிவெடுக்கும் திறன் போதாதாம்!

அம்பேத்கருக்கு இல்லாத திறனா? பம்பாய் எல்பின்ஸ்டன் பள்ளியில் அவர் சமஸ்கிருதம் படிக்க விரும்பினார். தீண்டத்தகாதவனுக்குக் கற்பிக்க மாட்டேன் என்றார் ஆசிரியர். பாரசீகம் எடுக்க வேண்டியதாயிற்று. அவருடைய ‘விருப்பப் பாடம்’ அப்படி முடிவானது. பின்னால் கொலம்பியாவில் படித்துவிட்டு 1917இல் பரோடா அரசுப் பணிக்குப் போனார். தங்க ஒரு அறை கிடைக்கவில்லை. பார்சி விடுதியில் தடியோடு வந்து நின்று வெளியேற்றினார்கள். வேலையை விட்டுவிட்டு பம்பாய் திரும்பினார். எடுத்தவர் ஒருவர், எடுக்க வைத்தவர்கள் வேறு. இந்தக் கணக்கு எந்தப் பயிற்சிக் கையேட்டில் வரும்?

சரி, சொல்லித்தருவதாக இருந்தால் இதைச் சொல்லித்தாருங்கள். பதினொன்றாம் வகுப்புச் சேர்க்கைக்கும் இடஒதுக்கீடு உண்டு. பட்டியல் சாதியினருக்கு 18 சதவீதம், அதற்குள் அருந்ததியருக்கு 3. பழங்குடியினருக்கு 1 சதவீதம். ‘சார் குடுக்கிற குரூப்பு’ என்று எதுவும் சட்டத்தில் இல்லை. 2012இல் வந்த அரசாணை 92, சுயநிதிக் கல்லூரியில் படிக்கும் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவர்களின் கட்டணத்தைப் பற்றியது. வருமான வரம்புக்கு உட்பட்டவர்களுக்கு அரசே அதை ஈடுகட்ட வேண்டும். இது தெரியாமல் காதுத்தோட்டை அடகு வைத்த தாய்களை எனக்குத் தெரியும். “முடியாதுன்னா எழுதிக் குடுங்க சார்” என்று கேட்கச் சொல்லித்தாருங்கள். அப்படிக் கேட்கிற பிள்ளையைத் திமிர் பிடித்தது என்று மாற்றுச் சான்றிதழ் கொடுத்து அனுப்பாமலிருக்க ஆசிரியர்களுக்கு முதலில் பயிற்சி கொடுங்கள். மூன்றாவது குரூப்பைக் கேவலமாகச் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். தமிழ் எம்.ஏ. படித்தவன் நான். விரும்பிப் போவது வேறு, தள்ளிவிடப்படுவது வேறு.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை. தகவல் உரிமைச் சட்டம் 2005இன் கீழ் பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்பு ஒட்டி உங்கள் ஊர் மேல்நிலைப் பள்ளிக்கு மனு போடுங்கள். கடந்த மூன்று ஆண்டுகளில் எந்தக் குரூப்பில் எந்தப் பிரிவினர் எத்தனை பேர் என்று கேளுங்கள். பெயர் வேண்டாம், எண்ணிக்கை போதும். முப்பது நாளில் பதில் தர வேண்டும். தராவிட்டால் மேல்முறையீடு. வந்ததை நகலெடுத்து இந்த இதழுக்கு அனுப்புங்கள். அடுத்த சேர்க்கைக்கு முன்னால் அச்சிட்டுப் பள்ளி வாசலிலேயே கொடுப்போம்.