பக்கவாதம் வந்தவரின் இதயத்தை யார் பார்ப்பது?

பக்கவாதம் வந்து சிகிச்சை பெற்றவரின் டிஸ்சார்ஜ் சீட்டில் மூளையின் எந்தத் தமனி எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்று எழுதியிருப்பார்கள். இ.சி.ஜி., எக்கோ முடிவுகளும் இருக்கும். இதயத் தமனியில் அடைப்பு இருக்கிறதா என்ற கேள்வி மட்டும், நெஞ்சு வலிக்கவில்லை என்பதாலேயே பெரும்பாலும் எழுவதில்லை. கை கால் வந்தால் போதும் என்று குடும்பமும் பிசியோதெரபியோடு நின்றுவிடுகிறது.

இந்த அலட்சியம் ஆபத்தானது. பக்கவாதத்தால் இறந்தவர்களின் உடற்கூறாய்வுகளைப் பாரிஸ் மருத்துவர்கள் ஆராய்ந்து 2007-ல் வெளியிட்டார்கள். 72% பேரின் இதயத் தமனிகளில் கொழுப்பு படிந்திருந்தது. அடுத்து, இதய நோய் இருப்பதாக அறியப்படாத பக்கவாத நோயாளிகளுக்கு ஆஞ்சியோகிராம் எடுத்துப் பார்த்தார்கள். நான்கில் ஒருவருக்கு இதயத் தமனி பாதியோ அதற்கு மேலோ அடைபட்டிருந்தது.

இதில் வியப்பில்லை. ரத்த அழுத்தம், சர்க்கரை, புகையிலை, கெட்ட கொழுப்பு ஆகியவை உடல் முழுவதும் ஓடும் தமனிகளின் உட்சுவரைத்தான் சிதைக்கின்றன. அதிலும் மண்டையோட்டுக்குள் இருக்கும் தமனிகளில் பொதுவாக இதயத் தமனிகளுக்குப் பிறகே கொழுப்பு படிகிறது. மூளைத் தமனி சுருங்கிவிட்டது என்றால், இதயத்தில் அந்த வேலை முன்பே தொடங்கியிருக்க வாய்ப்பு அதிகம். ரத்தக்கசிவால் வரும் பக்கவாதத்தின் கதை வேறு.

அப்படியானால் எல்லோருக்கும் ஆஞ்சியோகிராம் எடுத்து ஸ்டென்ட் வைத்துவிடலாமா? கூடாது. மூளைத் தமனிச் சுருக்கத்துக்கு ஸ்டென்ட் வைத்தவர்களில் 14.7% பேருக்கு 30 நாட்களுக்குள் மீண்டும் பக்கவாதமோ மரணமோ நேர்ந்ததை 2011-ல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. தீவிர மருந்து சிகிச்சையில் மட்டும் இருந்தவர்களிடம் அது 5.8%. நிலையான இதய நோயிலும் ஸ்டென்ட், பைபாஸ் ஆகியவை மருந்தைவிட உயிரிழப்பைக் குறைக்கவில்லை என்று 2020-ல் பன்னாட்டு ஆய்வொன்று சொன்னது. மாரடைப்பு வந்தவருக்கு இது பொருந்தாது.

மாத்திரையின் பலத்துக்கு 2006-ல் வெளியான ஓர் ஆய்வு சான்று. இதய நோய் இருப்பதாக அறியப்படாத, பக்கவாதமோ அதன் முன்னறிகுறியோ கண்ட 4,731 பேர் அதில் பங்கேற்றார்கள். ஸ்டாட்டின் வகையைச் சேர்ந்த, கொழுப்பைக் குறைக்கும் அடோர்வாஸ்டாட்டின் மாத்திரையைத் தினமும் 80 மி.கி. எடுத்தவர்களுக்கு மீண்டும் பக்கவாதம் வருவது 16% குறைந்தது. மாரடைப்பு போன்ற பெரிய இதயப் பாதிப்புகளோ 35% குறைந்தன. மூளைக்காகக் கொடுத்த மாத்திரை இதயத்தை இன்னும் அதிகமாகக் காத்தது.

தமிழ்நாட்டில் 2021-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளையும் இயன்முறை சிகிச்சையையும் வீட்டுக்கே கொண்டுசெல்கிறது. பக்கவாதத்திலிருந்து மீண்டவரின் வாசலுக்குப் போகிறவர்கள், மருத்துவர் எழுதித்தந்த ஸ்டாட்டினும் ஆஸ்பிரினும் தடைபடாமல் போகின்றனவா, நடக்கும்போது மூச்சு வாங்குகிறதா என்றும் கேட்க வேண்டும். நரம்பியல் மருத்துவர் எழுதும் சீட்டில் இதயப் பரிசோதனைக்கென ஒரு வரி கட்டாயமாக வேண்டும்.

உங்கள் வீட்டில் யாருக்காவது பக்கவாதம் வந்திருந்தால், அடுத்த முறை மருத்துவரிடம் இதயத்தைப் பற்றியும் கேளுங்கள். கை கால் சரியாகிவிட்டது என்று மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.