ஒரு வருடப் படிப்பு போதுமா?

ஹோமியோபதி மருத்துவர்கள் ஒரு வருட மருந்தியல் படிப்பை முடித்தால் அலோபதி மருந்தும் எழுதலாம் என்று மகாராஷ்டிர அரசு 2014-லேயே சட்டத்தைத் திருத்தியது. அவர்களை மாநில மருத்துவக் கவுன்சிலில் பதிவு செய்வதை எதிர்த்து, 2025 செப்டம்பர் 18 அன்று அங்கே அலோபதி மருத்துவர்கள் ஒரு நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். உடனே 'தொழில் போட்டி' என்று முத்திரை குத்தியவர்களைப் பார்த்துத்தான் நமக்குக் கோபம் வருகிறது.

1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த வழக்கு ஒன்று உண்டு. அந்தச் சம்பவமும் மகாராஷ்டிரத்தில், மும்பையில் நடந்ததுதான். காய்ச்சல் கண்டவருக்கு முதலில் வைரஸ் காய்ச்சல் என்றும், அப்புறம் டைஃபாய்டு என்றும் சொல்லி அலோபதி மருந்துகளைக் கொடுத்தார் ஒரு ஹோமியோபதி மருத்துவர். நோயாளி இறந்துபோனார். அவருடைய மனைவி நீதிமன்றப் படியேறினார். தான் படிக்காத முறையில் வைத்தியம் பார்த்ததே அலட்சியம் என்று நீதிபதிகள் சொன்னார்கள். அன்று குற்றமாக இருந்தது, ஒரு சான்றிதழை நீட்டிவிட்டால் சேவையாகிவிடுமா?

ஹோமியோபதி மருத்துவர்கள் ஐந்தரை ஆண்டு படித்தவர்கள். அவர்களை நாம் தாழ்த்தவில்லை. ஆனால் ஆன்டிபயாடிக் எழுத, மாத்திரையின் பெயர் தெரிந்தால் போதாது. சிறுநீரகம் கெட்டவருக்கு அளவை எவ்வளவு குறைப்பது, கர்ப்பிணிக்கு எது ஆகாது, எந்தக் காய்ச்சலுக்கு அது தேவையே இல்லை என்பதெல்லாம் நோயாளியின் கட்டிலருகே, மூத்தவர்களிடம் திட்டு வாங்கிக் கற்பது. 'கிராமத்தில் டாக்டர் இல்லையே' என்கிறார்கள். காலிப் பணியிடங்களை நிரப்பாத அரசு சொல்லக்கூடாத சமாதானம் அது. கிராமத்து உயிர் என்ன, குறைந்த விலை உயிரா?

யார் எழுதலாம் என்று இவ்வளவு சண்டை; யாரும் எழுதாமலே விற்கிற மெடிக்கல் ஷாப்பை யார் கேட்பது? மருந்து விதிகளில் உள்ள எச்1 பட்டியல் 2014 மார்ச்சில் அமலுக்கு வந்தது. அதில் உள்ள வீரியமான ஆன்டிபயாடிக்குகளை விற்றால், எழுதிய டாக்டர் பெயர், நோயாளி பெயர், அளவு எல்லாம் தனிப் பதிவேட்டில் ஏற வேண்டும். மூன்று ஆண்டு அதைப் பாதுகாக்க வேண்டும். மருந்து ஆய்வாளர்களே, இந்த வாரமே கடைக்குள் போய் அந்தப் பதிவேட்டைக் கேளுங்கள். இல்லை என்று கையை விரிக்கிற கடையின் மீது அன்றே நடவடிக்கை எடுங்கள்.