வயதைக் காட்டி வாயை அடைக்காதீர்!

"கிழவர் வாழ்ந்து முடித்தவர், இயந்திரத்தை இளையவனுக்குக் கொடுங்கள்" என்று சொல்லும் நியாயவான்கள் நம்மிடையே பெருகி வருகிறார்கள். சிறுநீரகம் செயலிழந்தோரின் இரத்தத்தைச் சுத்திகரிக்கும் இயந்திரம் போதாத இடங்களிலெல்லாம் இந்தப் பேச்சுக் கேட்கிறது. காதுக்கு நியாயம் போலத்தான் படுகிறது. ஆனால் இயந்திரம் ஏன் போதவில்லை என்று மட்டும் இவர்கள் கேட்பதேயில்லை. பற்றாக்குறையை இயற்கையின் விதி என ஏற்றுக்கொண்டு, அதை எந்த வயதின் தலையில் ஏற்றலாம் என்று தர்க்கம் புரிகிறார்கள்.

இந்தத் தர்க்கம் புதிதன்று. அமெரிக்காவின் சியாட்டில் நகரில், டாக்டர் ஸ்கிரிப்னர் 1960இல் ஒரே நோயாளிக்கு மீண்டும் மீண்டும் சுத்திகரிப்புச் செய்ய வழி கண்டார். இயந்திரங்கள் சில, நோயாளிகள் பலர். யார் வாழ்வது என்று தீர்மானிக்கக் குடிமக்கள் குழு ஒன்று அமர்ந்தது. குழந்தைகளும் 45 வயதைத் தாண்டியவர்களும் குழுவின் முன் வருவதற்கு முன்பே விலக்கப்பட்டனர். எஞ்சியோரின் வருமானத்தையும் குடும்பத்தையும் தேவாலயத் தொடர்பையுங்கூடக் குழு எடைபோட்டது. 1962இல் ஒரு சஞ்சிகை இதை அம்பலப்படுத்தியது. 1972இல் அந்நாட்டுச் சட்டம் திருத்தப்பட்டு, ஏறக்குறைய எல்லா வயதினருக்கும் சிகிச்சைச் செலவை அரசாங்கம் ஏற்றது. பணம் வந்ததும் வயது வரம்பு கரைந்துபோயிற்று! அது விஞ்ஞானத்தின் தீர்ப்பாக இருந்தால் கரைந்திருக்குமா?

நமது திருகோணமலை மாவட்டத்தில் அத்தகைய குழு எதுவும் அமரவில்லை. அதன் வேலையைத் தூரமும் நாட்கூலியும் செய்கின்றன. முறையான சுத்திகரிப்பு என்பது வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் ஏறத்தாழ நான்கு மணி நேரம். வெருகலிலிருந்தோ கோமரன்கடவலையிலிருந்தோ வருகிறவனுக்குப் போக்குவரத்தோடு சேர்த்து அந்த மூன்று நாளும் தொலைந்தன; துணைக்கு வரும் மனைவியின் கூலியும் போயிற்று. இலவச வைத்தியம் நம் நாட்டின் பெருமை, மறுக்கவில்லை. இயந்திரத்தோடு இணைக்கக் காசு வேண்டாம். இயந்திரத்தை அடையக் காசு வேண்டும். மாற்றுச் சிகிச்சை என்றாலோ வெளி மாவட்டங்களுக்கு அலைய வேண்டும். கொழும்பு இங்கிருந்து 250 கிலோமீட்டருக்கு மேல்.

நோய் எந்த வயதையும் விட்டுவைக்கவில்லை. 1990களில் வடமத்திய மாகாணத்தில் அடையாளம் காணப்பட்ட, காரணம் இன்னும் துணியப்படாத சிறுநீரக நோய், பதவி சிறீபுர முதலான நம் மாவட்டத்து விவசாயக் கிராமங்களையும் பற்றியிருக்கிறது. கிணற்று நீரா, வயலின் வெயிலா, கிருமிநாசினியா என்று அறிஞர்கள் வாதிட்டுக்கொண்டிருக்க, 30க்கும் 60க்கும் இடைப்பட்ட உழவன் சாய்கிறான். நகரத்து முதியவரை நீரிழிவும் இரத்த அழுத்தமும் வீழ்த்துகின்றன. சிறுநீர்ப் பாதைக் கோளாறோடு பிறக்கும் குழந்தைக்கு இயந்திரம் உயிரைத் தரும், வளர்ச்சியைத் தராது. ஆகையால் அக்குழந்தைக்கு மாற்றுச் சிறுநீரகமே சிறந்தது. அதுவும் ஆயுள் முழுதும் உழைப்பதில்லை. நாள் தவறாது மருந்து வேண்டும். பருவ வயதில் மாத்திரையைக் கைவிட்டு, பெற்ற சிறுநீரகத்தை இழக்கும் பிள்ளைகள் உலகெங்கும் உண்டு.

தளர்ந்து, வேறு நோய்களும் சூழ்ந்த மிக முதியவருக்குச் சுத்திகரிப்பு அதிக நாட்களைக் கூட்டித் தராது. வேதனையைத்தான் கூட்டும் என்பது வைத்திய உண்மை. அதை மறுக்கும் அறிவீனம் நமக்கில்லை. அவர் வேண்டாமென்று சொல்ல உரிமையுண்டு. சொன்ன பின் வலி தணிக்கும் பராமரிப்புக்கும் உரிமையுண்டு. ஆனால் அந்த முடிவை அவர் உடலைப் பார்த்து வைத்தியரும் அவரும் எடுக்க வேண்டும்; அடையாள அட்டையில் பிறந்த திகதியைப் பார்த்து எவரும் எடுக்கலாகாது. வேடிக்கை என்னவென்றால், ஐம்பதைக் கடந்த தாய் மகனுக்குத் தன் சிறுநீரகத்தைக் கொடுக்க வரும்போது அவள் வயது எவர் கண்ணையும் உறுத்துவதில்லை. உயிரோடிருந்து தானம் செய்வோரில் பெண்கள் அதிகம். பெறுவோரில் ஆண்கள் அதிகம். வாங்குவதற்குக் கிழவி, கொடுப்பதற்கு மட்டும் தாய்!

இறந்தோரின் கண்களைப் பிற நாடுகளுக்கு அனுப்பிப் பெயர் பெற்றது இத்தீவு. கண்தான சங்கம் 1961இல் பிறந்தது. உடலுறுப்புத் தானத்துக்கு 1987ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டமும் இருக்கிறது. கண்ணை வீட்டிலேயே எடுத்துவிடலாம். சிறுநீரகத்துக்கோ, மூளை இறந்தவரின் இரத்த ஓட்டத்தை நிறுத்தாது காக்கும் தீவிர சிகிச்சைப் பிரிவும், இரவு பகலாக விழித்திருக்கும் குழுவும் தேவை. மக்கள் மனத்தில் தயாளம் குறைந்துவிட்டதென்று பழி போடுவோர் முதலில் அந்தக் கட்டில்களை எண்ணிப் பார்க்கட்டும்.

இத்துறைமுகத்தின் ஆழத்தை வல்லரசுகள் பல முறை அளந்துவிட்டன. 1957 வரை பிரிட்டிஷ் கடற்படை இங்கே நங்கூரமிட்டிருந்தது. இன்றும் எண்ணெய்த் தாங்கிகளின் மேல் பலருக்குக் கண். நாம் கேட்பதோ மிகச் சிறியவை. நோய் பரவிய கிராமங்களில் ஆண்டுதோறும் இரத்தமும் சிறுநீரும் சோதிக்கப்படட்டும். வயிற்றறையில் திரவம் செலுத்தி வீட்டிலேயே செய்துகொள்ளும் சுத்திகரிப்பு முறை, சுத்தமான அறையும் பயிற்சியும் தடையற்ற திரவப் பைகளும் இருந்தால், மூதூருக்கும் வெருகலுக்கும் உகந்தது. அந்தப் பைகளை அரசாங்க வாகனம் நோயாளியின் வாசலில் இறக்கட்டும். இயந்திரத்துக்கு வருவோர்க்கும் துணை வருவோர்க்கும் பஸ் கட்டணத்தோடு அன்றைய கூலியும் கொடுக்கப்படட்டும்.