மாமாவின் காதும் மானியின் முள்ளும்

உங்கள் வீட்டிலோ சொந்தத்திலோ பழைய மொறிஸ் மைனரோ ஒஸ்ரினோ நின்றால், முதலில் பொலிஷ் வாங்காதீர்கள். ஒரு வக்கியூம் கேஜ் வாங்குங்கள். பெரிய விலை இல்லை.

லண்டனில் இருப்பவர்களுக்கு இதைச் சொல்லக் காரணம் உண்டு. 2023 ஆகஸ்ட் 29 முதல் யூலெஸ் லண்டன் முழுவதுக்கும் வந்துவிட்டது. பழைய டீசல் கார் வைத்திருந்தவர்கள் ஒன்றில் அதை விற்றார்கள், அல்லது ஓடும் நாளெல்லாம் 12.50 பவுண் கட்டுகிறார்கள். 40 வயது தாண்டி, வரலாற்று வாகனம் என்று பதிந்த காருக்கு அந்தக் காசு இல்லை. பெரிய மாற்றம் செய்யாத கார் என்றால், 2018 முதல் எம்.ஓ.டி. சோதனையும் கட்டாயமில்லை. இந்தச் சலுகை எனக்குப் பிடிக்கும். ஆனால் யாருமே சோதிக்காத இஞ்சினோடு, புகை தள்ளிக்கொண்டு அயலவர் வாசலால் போவது சரியில்லை. அரசாங்கம் கேட்காவிட்டால் நாங்கள் கேட்கவேண்டும்.

மானி என்ன சொல்லும்? பிஸ்டன் கீழே இறங்கிக் காற்றை இழுக்கிறது. திரொட்டில் மூடியிருப்பதால் காற்று தாராளமாக வர முடியாது. அதனால் இன்லெட் மனிபோல்டுக்குள் அழுத்தம் குறைகிறது. அந்தக் குறைவைத்தான் மானி அளக்கிறது. நன்றாகச் சூடான இஞ்சினை ஐடிலில் விட்டால், முள் 17க்கும் 21க்கும் இடையில், பாதரச அங்குலக் கணக்கில், ஆடாமல் நிற்கவேண்டும். (அதே காரை நுவரெலியாவுக்குக் கொண்டுபோனால் ஆறு அங்குலம் அளவில் குறைத்துக் காட்டும். உயரம்தான் காரணம், காரில் பிழையில்லை.)

ஆடாமல், ஆனால் கொஞ்சம் கீழே நின்றால் டைமிங் பிந்தியிருக்கலாம். மிகவும் கீழே என்றால் எங்கோ காற்றுக் கசிவு. ஒரே தாளத்தில் டக் டக் என்று விழுந்தால் ஒரு வால்வு சரியாக மூடவில்லை. மெதுவாக அங்குமிங்கும் அலைந்தால் கார்பரேட்டரைப் பாருங்கள். சடாரென்று மிதித்து விடுங்கள்: முள் பூச்சியத்துக்குக் கிட்ட விழுந்து, 25 அளவுக்குப் பாய்ந்து, பழைய இடத்துக்கு வந்தால் பிஸ்டன் ரிங் நல்லது. ஹெட்டைக் கழற்றாமலே இவ்வளவும் தெரிகிறது.

ஒன்று கவனம். டிஸ்ரிபியூட்டருக்குப் போகும் மெல்லிய குழாயில் மானியைக் கொழுவாதீர்கள். பெரும்பாலான பழைய கார்களில் அது கார்பரேட்டரின் திரொட்டில் தகட்டுக்கு அருகிலிருந்து வருகிறது. ஐடிலில் அங்கே வெற்றிடம் அநேகமாக இராது. நல்ல இஞ்சினையும் செத்த இஞ்சின் என்று நினைப்பீர்கள். மனிபோல்டிலேயே கொழுவவேண்டும். துளை இல்லாவிட்டால், தெரிந்தவரிடம் கொடுத்து மனிபோல்டைக் கழற்றித் துளையுங்கள். இரும்புத் தூள் உள்ளே போனால் வேறு கதை. பூட்டிய கராஜுக்குள் செய்யவே வேண்டாம், புகை ஆளைக் கொல்லும்.

"கேஜ் எதுக்கடா, காது இருக்கு" என்று மாமாமார் சொல்வார்கள். அவர்களுக்கு அது உண்மை. மொறிஸ் மைனரை 1948 இல் முதன்முதல் காட்டியது இங்கே ஏர்ல்ஸ் கோர்ட்டில். ஆனால் அந்தக் காலத்துக் கார்களின் உண்மையான சோதனை யாழ்ப்பாணத்தில்தான் நடந்தது. தொண்ணூறுகளின் எரிபொருள் தடையில், கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். மண்ணெண்ணெய் லேசில் நொக் அடிக்கும். அதைத் தவிர்க்க டைமிங்கைப் பின்னால் தள்ளவேண்டும். அப்போது மானி பூட்டியிருந்தால் முள் கீழேதான் நின்றிருக்கும், கார் மட்டும் ஓடியிருக்கும். அந்தக் கெட்டித்தனத்துக்கு முன் நான் வாய் திறக்க மாட்டேன்.

ஆனால் அந்தக் காது நூற்றுக்கணக்கான இஞ்சின் கேட்ட காது. எங்களிடம் இருப்பது ஒரு காரும் மாதத்தில் இரண்டு ஞாயிறும். "சத்தம் ஒரு மாதிரி இருக்கு" என்பதை வட்ஸ்அப்பில் விளங்கப்படுத்த முடியாது. "பதினைந்தில் நிற்குது, ஆடேல்லை" என்றால் ரொறன்ரோவில் இருக்கும் மாமாவுக்கும் விளங்கும், டைமிங்கைப் பார் என்பார்.

முதல் நாள் வந்த எண்ணைத் திகதியோடு ஒரு கொப்பியில் எழுதி, கார்த் திறப்பு இருக்கும் லாச்சிக்குள் வையுங்கள்.